ஒரே அச்சில் வார்த்த தக்காளி

நண்பகல் வெளிச்சம் கூடாரத்தின் பிளாஸ்டிக் கூரை வழியே பாலாக இறங்குகிறது. உள்ளே தக்காளிச் செடிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன். ஒரே நாளில் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் செடி தாங்கினால்தான் விதையை வாங்குவேன் என்று சொன்ன வியாபாரி மாலையில் வந்துவிடுவார். பத்து வருஷமாகச் செடி பொறுக்கி இந்த ரகத்தை உருவாக்கிய அண்ணி, கையுறையைக் கழற்றுகிறாள், மறுபடி மாட்டுகிறாள். "வெயில் அடிச்சா இலையைக் கொஞ்சம் சுருட்டிக்கக்கூடத் தெரியலையே இதுங்களுக்கு!" கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருக்கும் கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். "எப்படி அண்ணி தெரியும்? வெயிலுக்குச் சுருங்கினது, மழைக்கு நீண்டது எல்லாத்தையும் வருஷா வருஷம் பிடுங்கிப் போட்டாச்சு. வாயில்லாப் பூச்சிங்கதான் மிச்சம்." "ஒண்ணு போல இருந்தாத்தான் விலை போகும்னு உயிரை எடுத்தது யாரு தம்பி?" மின்விசிறி கடகடவென்று சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. அண்ணி குனிந்தபடி வரிசையோடு நடக்கிறாள். கடைசி வரிசையில் ஒரே ஒரு செடி, இலைகளை இறுகச் சுருட்டிக்கொண்டு, குட்டையாக, பச்சை மாறாமல் நிமிர்ந்து நிற்கிறது. அது என்னவென்று மனதில் படுவதற்குள், பழகிப்போன விரல்கள் தண்டின் அடியைப் பிடித்துச் சுண்டி இழுத்துவிடுகின்றன. "ஐயோ, அண்ணி!" வாளி உருள்கிறது. வேரில் பாதி கையோடு வருகிறது. ஈரம் தேடிக் கீழே போன மீதிப் பாதி மண்ணுக்குள்ளேயே அறுந்து கிடக்கிறது.