கிழிந்த காகிதப் பை

கண்ணாடிக் கூடாரத்தின் ஈரக் கூரை வழியே வடிகிற காலை வெளிச்சம், சோதனைக்காக நோய்க்கிருமி தெளித்ததில் கருகிப்போன வெள்ளரிக் கொடிகள்மேல் விழுகிறது. தப்பி நிற்பவற்றின் காய்களை ஆராய்ச்சிக்காரி ஒவ்வொன்றாக நறுக்கி, நாக்கில் வைத்துத் துப்புகிறாள். நோயைத் தாங்கும் குணமும் கசப்பும் நகமும் சதையுமாகவே சேர்ந்து வருகின்றன. ஆயிரம் செடிகளில் எத்தனை அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றனவோ, அதை வைத்துத்தான் அந்தக் குணங்களைத் தரும் இரண்டு மரபணுக்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். பதினோரு வருடமாக ஒன்றுகூடப் பிரியவில்லை. இந்தத் துண்டை மட்டும் அவள் துப்பவில்லை. கண்ணை மூடி மெல்கிறாள். “கசக்கவே இல்லக்கா!” நோட்டில் ஒன்று என்று எழுதுகிறாள். வேறு மகரந்தம் சேராதபடி பூக்களுக்குக் காகிதப் பை கட்டுகிற அக்கா சிரிக்கவில்லை. செடியில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறாள். துடைத்த கையையே மறுபடியும் துடைக்கிறாள். “இதோட தாய்ப்பூவுல பை கிழிஞ்சிருந்துச்சும்மா. திட்டுவீங்கன்னு சொல்லாம புதுசு மாட்டிட்டேன்.” “உள்ள ஏதாவது இருந்துச்சா?” “ஒரு தேனீ.” எந்தச் செடியின் மகரந்தம் கலந்ததென்று தெரியாத விதையில் முளைத்த செடியைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆராய்ச்சிக்காரி ரப்பரால் ஒன்றை அழித்து, அதே இடத்தில் பூஜ்யம் போடுகிறாள். நாக்கில் இன்னும் கசப்பே இல்லை.