மஞ்சள் தடவிய தேதி

படிப்பு முடித்த கையோடு குணாளனுக்கு வந்த வேலை உத்தரவை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்திருந்தாள் அம்மா. வேலை வேண்டாமென்று அவன் எழுதிப் போட்டு இரண்டு மாதமாகிறது. தேங்காய் நாரில் செருப்பு செய்யும் அவனுடைய சொந்தத் தொழிலுக்கு இன்றுதான் பதிவுச் சான்றிதழ் வந்தது. அதற்கும் மஞ்சள் வைக்கச் சொல்லி நீட்டினான். அம்மா மஞ்சளைக் குழைத்தாள். ஆனால் பழைய தாளைத்தான் எடுத்தாள்.

“அதுல சேர வேண்டிய தேதி போயிடுச்சும்மா.”

அவள் அந்தத் தேதியின் மேலேயே விரலை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். எழுத்து மறைந்ததும் தாளை அவன் கையில் கொடுத்தாள்.

“இப்ப தெரியாதுல்ல? காஞ்சதும் எடுத்துட்டுப் போய்க் கேட்டுப் பாருப்பா.”

இரண்டு கையிலும் இரண்டு தாளோடு அவன் நின்றான். ஒன்றுதான் ஈரமாக இருந்தது.