படத்தில் ஒரு பிழை

திரையில் முகத்தைச் சாக்கால் மூடிய ஆள் தலையாட்டத் தொடங்கியதுதான் தாமதம், மூன்றாவது வரிசையில் இருந்த சிறிதரன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். தாட்சாயினிக்கு அருவருப்பில் உடம்பு கூசியது.

"பாத்தியளே அங்கிள், ஓடுறார்!"

"ஓடாமல் என்ன செய்வான்?" என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த மகேந்திரராஜா அங்கிள். "இருந்து பாக்கச் சொல்லு பாப்பம்!"

அது ஒரு கொரியப் படம். ஊர்ச் சனத்தைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பிறகு மந்திரியுமாகி, மாளிகையும் காவலுமாகச் சொகுசாக வாழும் ஒரு கிழட்டு ஜெனரல். செத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து அவனைத் தேடிப்போகிறார்கள். இணையத்தில் படக்கதையாக வந்த காலத்திலேயே ரயிலில் அதை வாசித்து, பென்டில் ஹில்லில் இறங்க மறந்தவள் தாட்சாயினி.

டூங்கபி மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் இதைத்தான் போடவேண்டும் என்று, புலம்பெயர்ந்து வந்த ஊர்ச்சனத்தின் சங்கத்தில் ஒற்றைக்காலில் நின்றதும் அவள்தான். படம் முடிந்ததும் கலந்துரையாடல், மைக் அவள் கையில். இன்றைக்குச் சிறிதரன் ஆரென்று ஊரறியச் செய்துவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் ஆமி ஊர் ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியது. முன்னால் சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவனை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

அவளுடைய அண்ணா சுபாங்கனையும் ஏற்றினார்கள். பத்தொன்பது வயது. அன்றைக்கு ஆமியோடு போனவர்களில் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது சிறிதரன் ஒருவர் மட்டும்தான்.

சாக்குக்குள் இருந்தது அவர்தான் என்று அவளுக்கு முதன்முதலில் சொன்னவர் மகேந்திரராஜா அங்கிள். "நான் அப்ப கொழும்பில, பிள்ளை. ஆனா யோசிச்சுப் பார், உவன் மட்டும் எப்பிடி உயிரோட வந்தவன்?"

அங்கிள் சொன்னால் டூங்கபியில் மறுபேச்சு இல்லை. வருடாவருடம் அண்ணாவின் படத்துக்கு முதல் விளக்கு ஏற்றுகிறவர் அவர். கொரோனாக் காலத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார், அதுவும் மாஸ்க் போடாமல். "முகத்தை மூடினா எனக்கு மூச்சு முட்டும்" என்று பொலிஸோடேயே சண்டைக்கு நின்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சனம் சிரிக்கும்.

அவரிடம் ஒரே ஒரு தொல்லை. பழைய கணக்கு வாத்தியார், எந்தப் படத்தையும் பிழை பிடிக்காமல் பார்க்கமாட்டார். இன்றும் "உந்தத் துவக்கு அந்தக் காலத்தில இல்லை", "உந்த ஜீப் வேற மொடல்" என்று காதருகே அரித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது கமரா சாக்குக்குள்ளேயே போனது. இரண்டு ஓட்டைகளால் சந்தைச் சனத்தின் முகங்கள் ஒவ்வொன்றாகத் துலக்கமாகத் தெரிந்தன. அண்ணாவின் பால்வடியும் முகத்தையும் இப்படி வடிவாகப் பார்த்துவிட்டுத்தானே தலையை ஆட்டியிருப்பான்! 

படம் முடிந்து விளக்குப் போட்டபோது சிறிதரன் முகம் கழுவிக்கொண்டு வந்து, மனைவி கமலினிக்குப் பக்கத்தில் இருந்தார். தாட்சாயினி மைக்கைப் பிடித்தாள்.

"படத்தில வந்த தலையாட்டி இந்த மண்டபத்திலயும் இருக்கிறார். மூண்டாவது வரிசையில. என்ர அண்ணாவைத் திண்டது அந்தத் தலைதான்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சிறிதரன் மெல்ல எழுந்தார்.

"நானும் வரிசையில நிண்டனான், தங்கச்சி. சுபாங்கனுக்குப் பக்கத்தில. அவன் நடுங்கின நடுக்கம் இப்பவும் என்ர தோளில இருக்கு. ஏன் என்னை மட்டும் விட்டவங்கள் எண்டு எனக்கே தெரியாது."

"சீ, என்ன நடிப்பு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்தில் இருந்தவர்கள் தொற்றுநோயைக் கண்டது போலக் கதிரைகளை இழுத்துத் தள்ளிப் போட்டார்கள்.

கமலினி அவருடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அவள் சுட்டுக் கொண்டுவந்த பற்றிஸ் தட்டை ஒருத்தி அப்படியே குப்பை வாளிக்குள் கவிழ்த்தாள். நாய் தொட்ட சாப்பாட்டைக் கொட்டுகிற மாதிரித்தான் கொட்டினாள்.

தாட்சாயினி மைக்கை மேசையில் வைத்தாள். முப்பத்து நாலு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது போல இருந்தது.

அங்கிள் தேத்தண்ணியோடு வந்து அவள் தலையைத் தடவினார். "நல்ல வேலை செய்தாய், பிள்ளை. கொண்ணா இனித்தான் ஆறுதலாக் கண்மூடுவான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சரி அங்கிள், இண்டைக்கு மொத்தம் எத்தினை பிழை பிடிச்சனீங்கள்?"

"துவக்கையும் ஜீப்பையும் விடு. அந்தச் சாக்கு ஓட்டையால எல்லாரையும் வடிவாக் காட்டினாங்களே, அதுதான் சுத்தப் பிழை."

அங்கிள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"சணல் தும்பு கண்ணுக்கை குத்திக்கொண்டே இருக்கும், பிள்ளை, ஒருத்தற்ர முகமும் தெரியாது."