சனமில்லாத கரை

"உதில சனம் நிக்குது தம்பி. வேறை காட்டுங்கோ."

பாலேஸ்வரி அன்ரி படத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். பார்படோஸின் பெயர்போன கடற்கரை அது. வெள்ளை மணல், தென்னை, நீலக் குடைகள். அவருக்குப் பிடிக்கவில்லை.

கனடாவின் ஸ்காபரோவில் விமான ரிக்கற் விற்கிறவன் நான். எங்கள் சனம் என்னிடம் வருவது சென்னைக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போக. கலியாண வீடு, செத்த வீடு, இல்லையென்றால் கோயில். ஒரு தீவைச் சொல்லி, அதில் நல்ல கடற்கரை எது என்று கேட்டு வந்த முதல் தமிழ் மனிசி இவர்தான்.

அதுவும் தனியே. அஜக்ஸிலிருந்து ரயிலில் வந்து, பனிக்குள்ளால் நடந்து வந்திருந்தார். கம்பளித் தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

அடுத்த படத்தைக் காட்டினேன். மேற்குக் கரை. குளம்போல அசையாத தண்ணீர்.

"இது உள்ளுக்கு இழுக்குமோ, கரைக்குத் தள்ளுமோ?"

"இழுக்கவே இழுக்காது அன்ரி. சின்னப்பிள்ளையும் பயமில்லாமல் குளிக்கலாம்" என்றேன் பெருமையோடு.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இழுக்க வேணும்" என்றார்.

நான் தலையைச் சொறிந்தேன். கடைசியில் கிழக்குக் கரைப் படத்தை எடுத்துப் போட்டேன். கறுத்த பாறைகள், நுரை, ஒரு மனிதர் இல்லை. இங்கே குளிக்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை வாசித்துச் சொன்னதும் அன்ரிக்கு முகம் மலர்ந்தது.

ஒரு கணம் கெட்ட எண்ணம் ஒன்று வந்து போனது. ஆனால் சாகப் போகிறவர் யாராவது திரும்பி வரவும் சேர்த்து ரிக்கற் கேட்பாரா?

"விடியமுன்னம் இதிலை போய் நிக்கலாமோ? பொலிஸ் கிலிஸ் வருமோ?"

"தெரியாது அன்ரி."

"மீன்பிடிக்கிற ஆக்கள் போட்டில ஏத்துவினமோ? கொஞ்சத் தூரம்தான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கரிபியன் தீவு என்றால் எங்கள் சனத்துக்கு உல்லாசம் இல்லை. கனடாவுக்கு என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிற இடம். போன கோடையில் ஒருவர் என்னிடம் ரிக்கற் வாங்கிக்கொண்டு அப்படி ஒரு தீவுக்குப் போனார். வரும்போது மச்சானை வேறு யாரோ ஒருவரின் பாஸ்போட்டில் கூட்டி வந்து மாட்டிக்கொண்டார். அதிகாரிகள் வந்து என் கடையைக் கிண்டிக் கிளறினார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் லைசென்ஸ் பறிபோகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கே என் பெண்சாதி கிளடிஸ் அந்தோனியார் சுரூபம் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டாள்.

நான் அந்தோனியாரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி செய்கிற மாதிரித் தெரியவில்லை.

"எயாப்போட்டில கைப்பையைத் திறந்து பாப்பினமோ தம்பி?"

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. படங்களை எல்லாம் அள்ளி எடுத்தேன்.

"அன்ரி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. அங்க ஆர் நிக்கினம்? ஆரைக் கூட்டிக்கொண்டு வரப் போறியள்? நானும் பிள்ளை குட்டிக்காரன். என்ரை கடையைப் பூட்டிப் போடுவாங்கள்."

அன்ரி என்னை விழித்துப் பார்த்தார். நான் என்ன பேசுகிறேன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நான் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரேல்லையே. இவரை விட்டிட்டு வரப் போறன்."

இவர் என்றால் புருசன். ஆனால் புருசனைத் தீவில் விட்டுவிட்டு வருகிற மனைவியை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் கேட்டது ஒரு ஆளுக்கான ரிக்கற். அந்த மனிசன் எதில் ஏறிப் போவார்? மண்டை கிறுகிறுத்தது.

"அங்கிளும் வாறாரோ?" என்று கேட்டேன். வேறு என்னதான் கேட்பது?

"அவர் கார்த்திகையில மோசம் போட்டார்."

புருசன் செத்ததை அன்ரி சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் கதிரையில் இருந்து பாதி எழும்பிப் பிறகு இருந்தேன்.

"சாம்பல் வீட்டில வைச்சிருக்கிறன். ஊரில கீரிமலைக் கடலில கொண்டுபோய்க் கரைப்பமெண்டால் அங்க சண்டை. இஞ்ச ஏரியில கரையுங்கோ எண்டு பிள்ளையள் சொல்லுதுகள். அது உப்பில்லாத தண்ணி தம்பி, கடலாகுமோ?"

நாங்கள் வேதக்காரர், சேமக்காலையில் புதைத்துவிட்டு வருகிற ஆட்கள். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஆட்கடத்தல்காரி என்று நினைத்த மனிசியை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

எப்படியாவது உதவ வேண்டும் என்று பட்டது. படங்களை மேசையில் வைத்துவிட்டுச் சுவரில் இருந்த கனடா வரைபடத்தைக் காட்டினேன்.

"உப்புத் தண்ணிதான் வேணுமெண்டால் ஹலிஃபக்ஸ் இருக்கு அன்ரி. அதுவும் கடல்தான். இந்த நாட்டுக்குள்ளயே. பிள்ளையள் காரிலயே கூட்டிக்கொண்டு போவினம். ஒருத்தரும் பையைத் திறந்து பாக்கமாட்டினம்."

அன்ரி வரைபடத்தின் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கையை நீட்டி, பார்படோஸ் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, அங்க வேண்டாம் தம்பி. அவர் குளிர் தாங்கமாட்டார்."