அம்மா கூப்பிட்டால்

பேருந்தில் கால் வைத்ததுமே கைகள் நீண்டன.

“ஏத்தா, பிள்ளைய இங்குட்டுக் குடு.”

யார் என்று அவள் பார்க்கவில்லை. கொடுத்தாள்.

டவுன் பஸ்ஸில் அதுதான் வழக்கம். உட்கார்ந்திருப்பவரின் மடியில் நிற்பவருக்கும் பங்கு உண்டு. பையோ பிள்ளையோ, எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள்.

காலையில் தடுப்பூசி போட்ட கைக்குழந்தை சர்வேஷ், ஒரு கல்லூரிப் பெண்ணிடம் போனான். மூத்தவன் ரித்விக், முன்னால் ஒரு பெரியவரின் மடிக்குப் போனான். நடுவுள்ளவள் ஓவியா, கூட்டத்துக்கு அந்தப் பக்கம், சுங்குடிச் சேலை கட்டிய ஒரு அம்மாளிடம் போனாள்.

ஓவியாவிடம் சொல்லித்தான் அனுப்பினாள். அம்மா கூப்பிட்டால்தான் எழுந்திரிக்க வேண்டும். அதுவரை அசையக் கூடாது.

ஓவியா தலையாட்டினாள். நான்கு வயது.

ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். இன்னொரு கை சும்மா இருந்தது. விடிந்ததிலிருந்து அது சும்மா இருப்பது இப்போதுதான்.

அந்தச் சுகம் அடுத்த நிறுத்தம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

சர்வேஷ் வீறிட்டான். ஊசி போட்ட தொடை கன்றிப்போயிருந்தது. கல்லூரிப் பெண் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். போனில் பாட்டு வைத்தாள். அவன் பாட்டுக்கும் சேர்த்து அழுதான்.

ரித்விக் பெரியவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டான். பெரியவர் சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

அவளுக்கு உடம்பு கூசியது. பெறத் தெரிந்தவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று பேருந்தே சொல்வதுபோல் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. சுங்குடிச் சேலை.

“இது தங்கமா இருக்குத்தா. பிள்ள இருக்கிற எடமே தெரியல.”

எல்லோரும் சொல்வதுதான். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை. மூன்றில் ஒன்றாவது அப்படி வாய்த்ததே என்று சாமியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

நிறுத்தம் வந்தது.

குழந்தையை வாங்கினாள். பெரியவரிடம் கண்ணாடியைக் கொடுத்தாள். ரித்விக்கின் ஒரு காலில் செருப்பு இல்லை.

“செருப்ப எங்கடா? ரித்விக்! எறங்குடா! ரித்விக்!”

குனிந்தாள். இருக்கைக்கு அடியில் கால்கள்தான் தெரிந்தன.

“எறங்கும்மா, எறங்கும்மா. பின்னாடி வண்டி நிக்கிது,” என்றார் கண்டக்டர்.

இறங்கினாள்.

இடுப்பில் ஒன்று. பிடியில் ஒன்று. கை இரண்டும் நிறைந்துவிட்டது. கை நிறைந்ததும் மனசு சரி என்று சொல்லிவிட்டது.

விசில்.

பேருந்து நகர்ந்தது. ஒவ்வொரு சன்னலாக அவளைக் கடந்தது.

கடைசிக்கு முந்தின சன்னலில் ஓவியா இருந்தாள்.

அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தினாள். வாயில் வந்தது ரித்விக்கின் பெயர். மறுபடியும் கத்தினாள். சர்வேஷின் பெயர் வந்தது.

ஓட வேண்டும். மூத்தவனின் கையை விட்டால் ரோட்டுக்குப் பாய்வான். குழந்தையைக் கீழே வைக்க முடியாது. நின்ற இடத்திலேயே நின்றாள். பெற்ற பிள்ளையின் பெயர் நாக்குக்கு வராமல் கத்திக்கொண்டே நின்றாள்.

பேருந்து வளைவில் திரும்பி மறைந்தது.

பைக்கில் போன ஒருவர் நிறுத்தினார். என்னவென்று கேட்டார். பஸ் என்றாள். எந்த பஸ், நம்பர் என்ன என்றார். அடிக்கடி ஏறுகிற பேருந்துதான். நம்பர் வரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் கை இல்லை.

அப்புறம் வளைவில் சுங்குடிச் சேலை தெரிந்தது.

நடந்து வந்தது. வேகமாக, மூச்சு வாங்க. பக்கத்தில் ஓவியா. ஒரு கையில் அந்த அம்மாளின் விரல். மறுகையில் அண்ணனின் ஒற்றைச் செருப்பு.

அந்த அம்மாள் இறங்க வேண்டிய இடம் இதுவல்ல. அவரையும் விட்டுவிட்டுப் பேருந்து போய்விட்டது.

“நீ எறங்குனத நான் பாக்கவே இல்லத்தா. எங்க அம்மா கீழ நிக்கிதுன்னு இதுதான் சொல்லுச்சு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குது. தூக்கிட்டுத்தான் எறங்குனேன். வழியில கெடந்த செருப்பையும் விடல.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் ரோட்டோரத்தில் முட்டி போட்டாள். அணைக்கக் கை இல்லை. நெற்றியைக் கொண்டுபோய் ஓவியாவின் நெற்றியில் வைத்தாள்.

“ஏம் பாப்பா எந்திரிச்சு வரல?”

“நீ என்னையக் கூப்பிடவே இல்லயேம்மா.”

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். செருப்பை அண்ணனின் காலடியில் வைத்தாள், அவன் போட்டுக்கொள்ளத் தோதாக.

ரித்விக் போட்டுக்கொண்டான். போட்டதும் அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடினான்.

“டேய்! ரித்விக்!”

எழுந்து அவன் பின்னால் ஓடினாள். இடுப்பில் சர்வேஷ் மறுபடியும் அழத் தொடங்கினான். பெட்டிக்கடை வாசலில் மூத்தவனின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். மூச்சு விட்டாள்.

திரும்பிப் பார்த்தாள்.

ஓவியா விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அசையவில்லை.