யார் வீட்டுப் பால்

“பேர் சொல்லாம பால் நக்கோ, வேணாம் நர்ஸம்மா” என்று காஜா மியான் பாலாடைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

லூர்துமேரி அப்படியே நின்றாள். பாலாடையில் பால் ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மகன் வாயைத் திறந்து திறந்து மூடினான். அழக்கூடத் தெம்பில்லை.

மாதம் நிறையாமல் பிறந்தவன். நேற்றுக் கொடுத்த டப்பாப் பால் வயிற்றை உப்ப வைத்துவிட்டது. பெற்றவளோ ஜன்னி கண்டு அடுத்த வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். தாய்ப்பால் கிடைத்தால்தான் பிள்ளை தேறும், எந்தத் தாயின் பாலாக இருந்தாலும் சரி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காஜா மியானுக்கு அந்த ‘எந்தத் தாயின்’ என்பதில்தான் சிக்கல்.

மெட்டுகுடாவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உருதுக்காரர். ரயில்வே குடியிருப்புத் தமிழர்களுக்குப் பஞ்சர் ஒட்டி ஒட்டியே தமிழ் கற்றவர்.

“கொடுத்தவங்க பேரைச் சொல்லக்கூடாதுங்க. சர்க்கார் பால்னு நினைச்சுக்குங்களேன்” என்றாள் லூர்துமேரி.

“சர்க்காருக்கு ஏதும்மா பால்? யாரோ ஒரு அம்மா குடுத்ததுதானே? எங்க மார்க்கத்துல, அவங்க பாலைக் குடிச்சா இவன் அவங்களுக்கும் பிள்ளை. அவங்க பொண்ணு இவனுக்குக் கூடப் பொறந்தவ. நாளைக்குத் தெரியாம அவளையே நிக்கா பண்ணிக்கிட்டான்னா? எவ்வளவு பெரிய பாவம்!”

ஒன்றரைக் கிலோ தேறாத பையனுக்குக் கல்யாணக் கவலை! வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஆனால் அந்த வார்டில், இந்தப் பிள்ளை பிழைத்து மாப்பிள்ளையாகி நிற்பான் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

போன மாதமாக இருந்தால், யார் பாலென்று எனக்கே தெரியாது என்று கையை விரித்திருக்கலாம். பிரசவ வார்டில் பால் மிகுந்த தாய்மார்கள் எல்லாரும் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஐஸ் பெட்டியில் இருக்கும். கொடுத்தவளுக்குத் தினமும் ஒரு முட்டை, ரொட்டி, ஒரு டம்ளர் பசும்பால். எல்லாம் அரசாங்கச் செலவு.

ஏப்ரல் பிறந்தது. புதுக் கணக்கு வருஷத்துச் செலவுக்கு மேலிடத்து அனுமதி வரவில்லை. முட்டை நின்றது.

முட்டை நின்றதும் மாமியார்களுக்கு வாய் திறந்துகொண்டது. உனக்கே சோறு பத்தவில்லை, ஊர்ப் பிள்ளைக்கு என்ன பால், நம் பிள்ளை இளைத்துப் போகாதா என்று கேட்டார்கள். தாய்மார்களும் என்னதான் செய்வார்கள்? ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கிவிட்டார்கள்.

இன்று ஐஸ் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு புட்டி. அது யாருடையது என்று லூர்துமேரிக்கு நன்றாகத் தெரியும்.

வேறு ஏதாவது பெயரைச் சொல்லித் தொலைக்கலாம். அவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டுப் பாலைப் புகட்டிவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவள் சொல்கிற பெயரை மனிதர் நம்பி ஆயுசு முழுக்கச் சுமப்பார். அவள் மனம் இடம் தரவில்லை.

காஜா மியானே ஒரு படி இறங்கி வந்தார்.

“சரி, ரூல்னா ரூல். அந்தம்மா பேர் வேணாம். அவங்க பிள்ளைங்க பேரை மட்டும் சொல்லுங்க. போதும்.”

லூர்துமேரி வார்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“ஒரே பொண்ணு. நாலு மாசம். பேர் ஸ்டெல்லா.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பெட்டியின் பக்கத்துத் துவாரத்தில் வாயை வைத்து, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போல மகனிடம் சொன்னார்.

“கேட்டியா பேட்டா? உனக்கு அக்கா இருக்கா. ஸ்டெல்லா அக்கா. மறந்துடாதே.”

பாலாடை உதட்டில் பட்டதும் பையன் சப்புக்கொட்டினான். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது உள்ளே போனது. காஜா மியான் ஒவ்வொரு விழுங்கலுக்கும் தானும் எச்சில் விழுங்கினார். பாலாடை காலியாகி, பையன் கண்ணை மூடிக்கொண்டான். வயிறு உப்பவில்லை.

அப்போதுதான் ஆயா கனகம் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“லூர்து, உன் மாமியார் வந்து நிக்கிறாங்க. ஸ்டெல்லா பசியில வீல் வீல்னு கத்துறா, சீக்கிரம் வா!”

காஜா மியான் நிமிர்ந்தார்.

லூர்துமேரி அவர் முகத்தைப் பார்க்காமல் பாலாடையைக் கழுவப் போட்டாள்.

“போங்கம்மா” என்றார் அவர், மெதுவாக. “அக்கா முதல்ல குடிக்கட்டும்.”

வராந்தாவில் மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த காஜா மியான் கதவோரம் நின்று ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்தார். மகனுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமல்லவா?

மாமியார் சட்டென்று முந்தானையால் பிள்ளையை மூடினாள்.

“யாருடி இவரு? இப்படி வெறிச்சுப் பாக்குறாரு. கண்ணு பட்டுடப் போவுது.”

பால் கொடுப்பது இத்தனை நாளும் அவள் வீட்டில் மூச்சு விடாத விஷயம். லூர்துமேரி மாமியாரின் முந்தானையை விலக்கி மகளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“பாக்கட்டும் அத்தை. நம்ம சொந்தக்காரர்தான். ஸ்டெல்லாவுக்குத் தம்பி பொறந்திருக்கான்.”