நாலு போர்ட் கார்டு

சித்ரகலா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு இருந்தது.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தினால் கம்ப்யூட்டரும் பஞ்சுதான் தின்னும். இது பதினாலு வருஷத் தீனி.

மேசைமேல், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஹார்ட் டிஸ்க். பழைய போர்ட்டில் செருகினால் விளக்கு எரியும், உடனே அணையும். அதிலிருக்கும் டி-சர்ட் பேட்டர்ன்கள் இரண்டு மணிக்குள் கட்டிங் மேசைக்கு வராவிட்டால் ஆர்டர் பெருமாநல்லூர்க்காரனுக்கு.

"ஏனுங்க அம்மணி, இது பொழைக்குமா?" முதலாளி நாச்சிமுத்து நாலாவது தடவையாகக் கேட்டார்.

"பொழைக்குமுங்ண்ணா. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு மூச்சு உடுங்க, பஞ்சு பறக்குது."

ஓரமாக நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கும் ட்வீசரைக் கேட்டு வாங்கி, காலி ஸ்லாட்டில் அடைந்திருந்த பஞ்சை இழை இழையாக இழுத்தாள். மணி ஒன்று. அவள் கைக்கு அது தெரியவில்லை.

பிறகு தீப்பெட்டி அகலத்தில் ஒரு கார்டு. அதில் நாலு புது போர்ட். ஸ்லாட்டில் வைத்து அழுத்தினாள். ஒரு திருகு. ஒரு கரண்ட் ஒயர்.

நான் பேரத்திலேயே வளர்ந்தவன். 'முடியாது' என்பதை வாய் சொல்வதற்கு முன்பே முகத்தில் படித்துவிடுவேன். அவள் முகத்தில் ரொம்ப நேரம் தேடினேன்.

டிஸ்க்கைச் செருகினாள். விளக்கு எரிந்தது. அணையவில்லை.

ஒன்றரைக்கு, பேட்டர்ன் வரைகிற பிளாட்டர் மெஷின் காகிதத்தில் முதல் கைப்பகுதியை வரைந்தது.

"இந்தப் பிளாட்டர் ஒயரு பழைய மாடலுங்ண்ணா. புதுக் கம்ப்யூட்டர்ல இதுக்கு எடமே கெடையாது. யாரும் சொல்லலீங்களா?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டாள். கேட்கும்போது என்னைப் பார்த்தாள்.

பஞ்சு புகாமலிருக்க, மீதி மூன்று போர்ட்டின் மேலும் 'எக்ஸ்எல்' சைஸ் ஸ்டிக்கரை ஒட்டினாள். அந்த இடத்தில் நான் அவள் கெட்டிக்காரத்தனத்தில் விழுந்துவிட்டேன்.

"நம்ம கடைக்கு வேலைக்கு வந்துரு அம்மணி" என்றேன்.

"அதப் பொறவு பேசலாங்ண்ணா. மொதல்ல பெட்டியப் பாத்து எறக்குங்க. படி வழுக்கும்."

நாச்சிமுத்துவின் தலையில் கட்டிவிடலாமென்று காலையிலேயே மூன்று மாடி சுமந்து வந்திருந்த புதுக் கம்ப்யூட்டரை, பிரிக்காமலே தூக்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டவளும் அவள்தான்.